மைக் வைக்காத கச்சேரி

மைக் செட் இல்லாமல் ஒரு விசேஷம் நடக்கும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால், அப்புறம் அதை எதற்கு நடத்த வேண்டும் என்று சௌந்திரம் திருப்பிக் கேட்டிருப்பாள். வெண்ணந்தூர்ப் பக்கம் காதுகுத்துக்கே மூன்று தெரு அதிரும்படி குழாய் கட்டுவார்கள். இப்போதெல்லாம் எழவு வீட்டிலும் மைக் பிடித்துத்தான் ஒப்பாரி. அப்படிப்பட்ட ஊரில், அவள் வீட்டு நடுக்கூடத்தில், ஐப்பசி பிறந்ததிலிருந்து ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு சாயங்காலம் வீணைக் கச்சேரி நடந்துகொண்டிருந்தது. மைக் கிடையாது, பாக்ஸ் கிடையாது, வாசலில் ஒரு சீரியல் பல்பு கூடக் கிடையாது. சேலத்திலிருந்து காரில் நாலைந்து பேர், ராசிபுரத்து வாத்தியார்கள், பாட்டுப் படிக்கிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சில அம்மாக்கள் என்று வருவார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுப் பூனை மாதிரி உள்ளே வந்து ஜமக்காளத்தில் உட்காருவார்கள். "இது அறைக் கச்சேரிங்க, கிட்ட உக்காந்து கேக்கோணும்" என்று அவள் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். தை மாதக் கச்சேரியோடு இந்த வருஷம் முடிகிறது, அடுத்த ஐப்பசியில் மறுபடி ஆரம்பம் என்று அவரே முடிவும் செய்துவிட்டார்.

அவருக்கும் வீணைக்கும் என்ன சம்பந்தம் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. அவர் ரிக் வண்டிக்காரர். போர்வெல் போடும் வண்டியில் ட்ரில்லராகப் போய், பிறகு பாதிப் பங்கு வாங்கி, சத்தீஸ்கரும் மத்தியப் பிரதேசமுமாகவே காலத்தைக் கழித்தவர். ரிக்கில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவன் பேச்சும் கேட்காது. அதனால் அங்கே எல்லாம் கைச்சாடைதான். முஷ்டியை உயர்த்தினால் நிறுத்து. விரித்த உள்ளங்கையைக் கீழே அழுத்தினால் இறக்கு, ராடு குழிக்குள் போகட்டும். லீவில் வந்தால் இலைக்கு முன்னாலும் அதே சாடை வந்துவிடும். சோறு இன்னும் போடு என்பதற்கு உள்ளங்கை, போதும் என்பதற்கு முஷ்டி. சௌந்திரமும் சமையல்கட்டிலிருந்தே கையால் பதில் சொல்லப் பழகியிருந்தாள். புதுப் பெண்ணாக இருந்தபோது அது ஒரு விளையாட்டாகவும் இருந்தது.

பங்குனியில் அவர் பங்கைக் கூட்டாளியிடமே கொடுத்துவிட்டு வீட்டோடு வந்துவிட்டார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். சௌந்திரமும் சந்தோஷப்பட்டாள், ஒரு மாதம் போல. அதற்குப் பிறகுதான் மனுஷன் ஒரு தினுசாக இருக்கிறார் என்று அவளுக்குப் படத் தொடங்கியது.

முதலில் போன். மணி அடித்தால் எடுத்துக்கொண்டு கிணற்று மேட்டுக்குப் போய்விடுவார். இரண்டு வார்த்தை பேசியிருப்பாரோ என்னவோ, உடனே திரும்பிவிடுவார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தனப்பிரியாகூடக் குறைபட்டுக்கொண்டாள். "அப்பா போனே எடுக்கறதில்லைம்மா. கட் பண்ணிட்டு, 'என்ன சாமி, மெசேஜ் போடு'ங்கறாரு." கட்டின பெண்டாட்டிக்கு முன்னால் பேச முடியாத பேச்சு என்ன பேச்சு?

அடுத்தது பார்வை. நேருக்கு நேர் கண்ணைப் பார்த்துப் பேசுகிற மனுஷன் இப்போது பார்வையை மூக்குக்குக் கீழேயே நிறுத்திக்கொண்டார். தப்புப் பண்ணுகிறவனுக்குத்தான் கண்ணைப் பார்க்கக் கூசும் என்பது சௌந்திரத்தின் கட்சி. போதாக்குறைக்கு அடிக்கடி சேலம் பயணம். கேட்டால் பேங்க் வேலை என்பார். ரெண்டாம் சனிக்கிழமை எந்த பேங்க் திறந்து வைத்துக்கொண்டு இவருக்காகக் காத்திருக்கிறது என்று அவள் கேட்கவில்லை. மனதுக்குள் போட்டு வைத்துக்கொண்டாள்.

தீபாவளிக்குச் சொந்தக்காரர்கள் கூடியிருந்தபோது நடந்ததும் அந்தக் கணக்கில் சேர்ந்தது. சௌந்திரம் அந்த வகையறாவிலேயே பேர் போன நடிப்புக்காரி. அவளுடைய சென்னிமலைச் சித்தப்பா காது மந்தமானவர். அவர் மாதிரி கண்ணைச் சுருக்கி, வாயைப் பிளந்து, கழுத்தை நீட்டி அவள் பேசிக் காட்டினால் சிரிக்காத ஆளே கிடையாது. "சித்தப்பா, கண்ணாலத்துக்குப் போலாங்களா" என்று யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். அவள் சித்தப்பா குரலில், "கத்திரிக்கா வேண்டாஞ் சாமி, கால் அரிக்குது" என்பாள். கூட்டம் புரையேறிச் சிரிக்கும். எத்தனை தடவை கேட்டாலும் முதலில் சிரிப்பவர் நவநீதகிருஷ்ணன்தான். இந்தத் தீபாவளிக்கு அவர் பாதியிலேயே எழுந்து வெளியே போய்விட்டார். மனசு வேறெங்கோ இருக்கிறவருக்கு இங்கே இருப்பதெல்லாம் எப்படி ருசிக்கும் என்று சௌந்திரம் நினைத்துக்கொண்டாள்.

மனசு எங்கே என்பதும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. வீணை வாசிக்கும் பிரபாதான். சேலத்தில் வீணை வகுப்பு நடத்துகிறவள். நாற்பதைத் தாண்டியவள், வயதான அப்பாவோடு இருக்கிறாள். புருஷன் என்று ஒருவர் இருந்தாரா, இருக்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. "எப்படிப் பழக்கமுங்க" என்று சௌந்திரம் ஒருநாள் நயமாகக் கேட்டதற்கு, "சேலத்துல பழக்கம்" என்று முடித்துக்கொண்டார். சேலம் என்ன இவர்கள் இரண்டு பேர் மட்டும் குடியிருக்கிற ஊரா?

கச்சேரி நேரத்தில் சௌந்திரம் சமையல்கட்டு வாசல்படியில் நின்றுகொள்வாள். காப்பி, சுண்டல் என்று வேலை இருக்கிறது என்பது சாக்கு. அங்கிருந்து பார்த்தால் மற்றவர்களுக்குத் தெரியாத ஒரு கோணம் கிடைக்கும். பிரபா கூடத்தின் தலைமாட்டில் மணைப்பலகையில் உட்காருவாள். எதிரில் மிருதங்கம் வாசிக்கும் மதியழகன். பிரபாவுக்கு வலப்பக்கம், கொஞ்சம் பின்னால், சுவரோரமாக நவநீதகிருஷ்ணன். அவ்வளவு பெரிய கூடத்தில் அவருக்கு வேறு இடமே கிடைக்கவில்லை. ஒரு கார்த்திகை ஞாயிற்றுக்கிழமை, வாசிப்பு உச்சத்தில் இருந்தபோது, அவருடைய கை மெல்ல நகர்ந்து பிரபாவின் முழங்கால் பக்கம் போய் நிற்பதைச் சௌந்திரம் பார்த்தாள். எட்டிப் பார்த்த பிறகுதான் கை முழங்காலில் இல்லை, வீணையின் குடத்தில் இருக்கிறது என்று தெரிந்தது. தரையில் படிந்திருக்கும் அந்த மரக் குடத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிரபா அதைக் கண்டும் காணாதவள் போல வாசித்துக்கொண்டிருந்தாள். ஒரு தடவை திரும்பி, சரியா என்பது போல அவரைப் பார்க்கவும் செய்தாள். கண்ணைத் திறந்தவர் தலையாட்டினார்.

முழங்காலில் இருந்திருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். குடத்தில் இருக்கிற கைக்கு எந்தப் பஞ்சாயத்தில் போய் நிற்பது?

பக்கத்துத் தறிக்காரி அத்தாயி எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றினாள். "ஏங்க்கா, மைக் வெச்சா ஊருக்கே கேக்குமில்லீங்களா. ஒரு ஆளு மட்டும் ஒட்டி உக்காந்து கேக்கோணும்னு தானுங்க்கா இதெல்லாம்." சொல்லிவிட்டு, தான் ஒன்றுமே சொல்லாதது மாதிரி முறத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மார்கழியில் இன்னொன்று நடந்தது. கச்சேரிக்கு முன்னால் அவர் பீரோவைத் திறந்து சின்ன வெல்வெட் பெட்டி ஒன்றை எடுத்துச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டதைக் கதவிடுக்கில் பார்த்தாள். தோடு வைத்துக் கொடுக்கிற அளவுப் பெட்டி. மறுநாள் பீரோவைக் குடைந்து பார்த்தாள், கிடைக்கவில்லை. அடுத்த கச்சேரிக்குப் பிரபா வந்தபோது சௌந்திரத்தின் கண் நேராக அவள் காதுக்குத்தான் போனது. பிரபா காதில் கல் தோடு மின்னியது. அது பழசா புதுசா என்று சௌந்திரத்தால் சொல்ல முடியவில்லை. அன்றைக்குச் சுண்டலில் உப்புப் போடவும் மறந்துவிட்டாள்.

கேட்டுவிடலாம்தான். ஆனால் கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயந்தாள். கல்யாணமான காலத்தில் பாதிக்கு மேல் போனிலும் கடுதாசியிலுமே குடும்பம் நடத்தி, இப்போதுதான் ஒரே வீட்டில் ஒரே பாயில் என்று ஆகியிருக்கிறது. அது கையை விட்டுப் போய்விட்டால் அவளுக்கு வேறு என்ன இருக்கிறது? ஒருநாள் காலையில் மட்டும் மனதைக் கல்லாக்கிக்கொண்டாள். அவர் பின்னால் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்த்துக் கேட்கத் தெம்பில்லாமல், அடுப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, அந்தப் பிரபாவுக்கும் உங்களுக்கும் என்னங்க?"

பால் பொங்கி வருவதைப் பார்த்தபடி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்.

"சரி. நாளைக்குப் பாத்துக்கலாம்."

நாளைக்குப் பார்த்துக்கொள்கிற சங்கதியா இது? எத்தனை தைரியம் இருந்தால் ஒரு ஆம்பளை இப்படிச் சொல்லுவான்? அன்றைக்கு முழுக்க அவள் அவரோடு பேசவில்லை. அவரும் அதைக் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது.

கடைசிக் கச்சேரி நெருங்கியபோது சௌந்திரம் ஒரு முடிவுக்கு வந்தாள். அழப் போவதில்லை, சண்டையும் போடப் போவதில்லை. மைக் வைக்கப் போகிறாள். மைக் வைத்தால் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் கேட்கும். ஒட்டி உட்காரக் காரணமே இருக்காது. காரணம் இல்லாமலும் போய் ஒட்டி உட்கார்ந்தால், அப்போது கூடத்தில் இருக்கிற அத்தனை பேருக்கும் வெட்டவெளிச்சமாகிவிடும். மைக் செட் மாரியப்பனைக் காதும் காதும் வைத்த மாதிரிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவர் பூ வாங்க ராசிபுரம் போயிருந்த நேரமாக வரச் சொன்னாள்.

மாரியப்பன் ஆள் உயரப் பாக்ஸ் இரண்டைத் தூணுக்கு ஒன்றாக நிறுத்தினான். "கோயல் திருவிழாவுக்குப் போடறதுங்க்கா, சும்மா கும்முனு இருக்கும்" என்றான். மைக் ஸ்டாண்டை எங்கே வைக்க என்று கேட்டதற்கு, வீணைக் குடத்துக்குப் பக்கத்தில், சுவரோரமாக என்று சௌந்திரமே இடம் காட்டினாள். அவர் வழக்கமாக உட்காரும் இடம்.

பூவோடு திரும்பி வந்தவருக்கு முகம் செத்துப்போயிற்று.

"இதெதுக்கு சௌந்திரம்?"

"கடைசிக் கச்சேரியாச்சேங்க. பின்னால உக்கார்ற சனத்துக்கும் கேக்க வேண்டாமுங்களா?"

அவள் பேசி முடிக்கும்வரை அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பூவைப் பூஜை மாடத்தில் வைத்துவிட்டுப் போனார். பின்னாலேயே வந்த பிரபா பாக்ஸைப் பார்த்துத் திகைத்தாள். "அக்கா, வீணைக்கு இவ்வளவு பெரிசு வேண்டாமே" என்று ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வார்த்தையே தேவைப்படாத பார்வை அது. தனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது என்று சௌந்திரம் நினைத்தாள். நெஞ்சு வலித்தாலும் உள்ளே ஒரு பொல்லாத திருப்தியும் இருந்தது.

கூட்டம் வந்து உட்கார்ந்தது. சங்கதி கேள்விப்பட்டு அத்தாயியும் வந்து முன்வரிசையில் இடம் பிடித்தாள். நவநீதகிருஷ்ணன் எங்கே போகிறார் என்று சௌந்திரம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். அவர் மைக் ஸ்டாண்டைப் பார்த்தார். அப்புறம் கடைசி வரிசைக்குப் போய், ஆட்களோடு ஆளாக உட்கார்ந்துகொண்டார்.

பிரபா வாசிக்க ஆரம்பித்தாள். பாக்ஸிலிருந்து வந்தது வீணை மாதிரியே இல்லை, யாரோ தகர டப்பாவுக்குள் உட்கார்ந்து வாசிக்கிற மாதிரி இருந்தது. ராசிபுரத்து வாத்தியார்கள் நெளிந்தார்கள். கடைசி வரிசையில் நவநீதகிருஷ்ணன் மட்டும் முகத்தைச் சற்றுத் தூக்கி, பிரபாவின் விரல்களையே பார்த்துக்கொண்டு, தொடையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். மாரியப்பன் இன்னும் கொஞ்சம் கும்மென்று இருக்கட்டும் என்று நினைத்தான் போலிருக்கிறது. மெஷினில் எதையோ திருகினான்.

பாக்ஸ் வீறிட்டது. காதுக்குள் ஊசியை ஏற்றுகிற மாதிரி ஒரு விசில், நிற்காமல், மேலே மேலே போய்க்கொண்டே இருந்தது. கூடத்தில் அத்தனை பேரும் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஒரு குழந்தை அலறியது. வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. மதியழகன் மிருதங்கத்தை விட்டுவிட்டுக் காதைப் பொத்தினான். பிரபா வீணையிலிருந்து கையை எடுத்துவிட்டாள்.

நவநீதகிருஷ்ணன் அப்படியே உட்கார்ந்திருந்தார். முகத்தில் ஒரு மெல்லிய சிரிப்பு. விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன.

சௌந்திரமும் காதைப் பொத்திக்கொண்டுதான் நின்றாள். பிரபாவின் கை நின்றுவிட்டதைக் கண்ட பிறகே அவர் விரல்கள் நின்றன. அவர் குழப்பமாக வலது பக்கம் திரும்பினார், இடது பக்கம் திரும்பினார். எல்லாரும் காதைப் பொத்தியிருப்பதைக் கண்டார். பிறகு, வகுப்பில் பாடம் தெரியாத பிள்ளை பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிற மாதிரி, மெதுவாகத் தன் கைகளையும் தூக்கிக் காதில் வைத்துக்கொண்டார். வைத்துக்கொண்டு முதலில் பார்த்தது சமையல்கட்டு வாசலைத்தான். அவள் பார்த்துவிட்டாளா என்று.

அவள் பார்த்துவிட்டாள்.

போன், பேங்க், மூக்குக்குக் கீழே நின்ற பார்வை, நாளைக்குப் பார்த்துக்கலாம் என்ற பதில் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து அவள் தலையில் விழுந்தன. கேட்டதே அவருக்குக் கேட்கவில்லை. வெல்வெட் பெட்டியும் காதுக்குத்தான், ஆனால் பிரபாவின் காதுக்கு இல்லை. தீபாவளியன்று கூட்டத்தின் நடுவில் கழுத்தை நீட்டி, வாயைப் பிளந்து தான் நின்ற நிற்பும் சௌந்திரத்துக்கு நினைவுக்கு வந்தது.

மாரியப்பன் இன்னும் எதையோ திருகிக்கொண்டிருந்தான். அவள் கூட்டத்தைத் தாண்டிப் போய்ச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினாள். விசில் அறுந்தது. ஸ்டாண்டைத் தூக்கிக் கொண்டுபோய்த் தாழ்வாரத்தில் வைத்தாள். "ஏங்க்கா, சரியாயிருமுங்க" என்று பின்னாலேயே வந்த மாரியப்பனிடம், "ஒண்ணும் வேண்டாம், காப்பி குடிச்சிட்டுப் போ சாமி" என்றாள். திரும்பி வந்து சுவரோரத்து இடத்தைப் புடவைத் தலைப்பால் தட்டிவிட்டு, கடைசி வரிசையைப் பார்த்து, வாங்க என்று கையைக் காட்டினாள்.

அவர் எழுந்திருக்கவில்லை. காதில் வைத்த கைகளை மட்டும் இறக்கினார். பிரபா அவரையும் சௌந்திரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். கூட்டத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. அத்தாயி மட்டும் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

சௌந்திரம் கையை உயர்த்தினாள். விரல்களை விரித்து, உள்ளங்கையைக் கீழே பார்க்க வைத்து, மெதுவாக அழுத்தினாள். இறக்கு, போகட்டும்.

அவர் அந்தக் கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து, ஆட்களை விலக்கிக்கொண்டு வந்து, சுவரோரம் உட்கார்ந்து, எல்லாரும் பார்க்க உள்ளங்கையைக் குடத்தின் மேல் வைத்தார். பிரபா முதலிலிருந்து வாசித்தாள். அது என்ன ராகம் என்று சௌந்திரத்துக்கு இன்றைக்கும் தெரியாது. அவள் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எல்லாரும் போன பிறகு சௌந்திரம் கார் வரை போய்ப் பிரபாவை வழியனுப்பினாள். பிரபாவே பேச்செடுத்தாள்.

"எங்கப்பாவைக் காது டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போற இடத்துல சாரைப் பார்த்தேன்க்கா. ரிக் சத்தத்துல போனதுதான், திரும்ப வராதுன்னுட்டாங்க. மெஷின் குடுத்தாங்க. அதை வச்சா பாட்டு கரகரன்னு கேக்குதுன்னாரு. முழுசாப் போறதுக்குள்ள நல்லதா நாலு கேட்டுரணும்னாரு. குடத்துல கை வச்சுப் பாருங்கன்னு நான்தான் சொன்னேன்."

"என்றகிட்டச் சொல்லலியே."

"ஒவ்வொரு தடவையும் சொல்லச் சொன்னேன்க்கா."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

பிரபா கார்க் கதவைப் பிடித்துக்கொண்டு தயங்கினாள். "உங்க சித்தப்பா மாதிரி நீங்க பேசிக் காட்டுவீங்களாமே. ரொம்ப நல்லா இருக்கும்னு சொன்னாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை."

கார் போன பிறகும் சௌந்திரம் வாசலிலேயே நின்றாள். வேறு பெண் இல்லை என்று ஆகிவிட்டது. ஆனாலும் வேறு ஒரு பெண்ணுக்குத்தான் முதலில் தெரிந்திருக்கிறது. அந்தக் கோபம் போகவில்லை. யார்மேல் கோபப்படுவது என்பதுதான் இப்போது தெரியவில்லை.

உள்ளே நவநீதகிருஷ்ணன் மடித்த ஜமக்காளத்தின் மேல் உட்கார்ந்திருந்தார். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது, கூடத்துக்குள் இருட்ட ஆரம்பித்திருந்தது. சட்டைப் பையிலிருந்து பெட்டியை எடுத்து அவரே கீழே வைத்தார். அவள் எதிரில் உட்கார்ந்து திறந்து பார்த்தாள். தோல் நிறத்தில் மொச்சைக் கொட்டை அளவுக்கு இரண்டு.

"தோடுன்னு நெனச்சனுங்க" என்றாள் தலையைக் குனிந்துகொண்டே. "அவளுக்கு வாங்கியாந்திருக்கீங்கன்னு நெனச்சுட்டனுங்க."

நிமிர்ந்து பார்த்தாள். அவர் கழுத்தைக் கொஞ்சம் நீட்டி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கத்திரிக்கா வேண்டாஞ் சாமி" என்றார். "கால் அரிக்குது."

சொல்லிவிட்டு அவள் சிரிக்கிறாளா என்று பார்த்தார். சௌந்திரத்துக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் எழுந்து போய் விளக்கைப் போட்டாள். வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி அவருக்கு எதிரில் நகர்ந்து உட்கார்ந்து, முதலிலிருந்து மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தாள்.